தொட்டும் தொடாமலும்

கார் நிக்கோபார் தீவில் நவம்பர் மாதம் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடும். அதே நாளில் சென்னையில் இன்னும் முக்கால் மணி நேரப் பகல் மிச்சமிருக்கும். இரண்டு ஊர்க் கடிகாரங்களும் காட்டுவது ஒரே இந்திய நேரம்தான். ஆனால் தீவு சென்னைக்குப் பன்னிரண்டரை பாகை கிழக்கே கிடக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலில்கூட அங்கே மாலை 6 மணிக்குச் சூரியன் இருக்காது. பள்ளி விட்டு விளையாடிவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கே வண்டியில் ஹெட்லைட் போட்டாக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஹெட்லைட்டுக்கு இவ்வளவு வேலை கொடுக்கும் தீவுதான் அதற்குப் பெரிய எதிரியும்கூட. கார் நிக்கோபாரின் பரப்பு ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர். அதை ஒரு சரியான வட்டமாகவே வைத்துக்கொண்டாலும் நடுவிலிருந்து கரை 6.4 கிலோமீட்டர்தான் வரும். உண்மையான தீவு வட்டமும் இல்லை. மலையே இல்லாத தட்டையான பவழத் தரை வேறு. கடல்காற்றைத் தடுத்து நிறுத்த அங்கே தென்னையைத் தவிர அதிகம் எதுவும் கிடையாது.

கடல்காற்றில் உப்பு எப்படி வருகிறது? கடல்நீர் ஆவியாகும்போது உப்பு மேலே ஏறுவதில்லை. அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் உண்டாகின்றன. ஒவ்வொரு குமிழியும் மேற்பரப்புக்கு வந்து வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே எறிகிறது. அந்தத் துளிகள் காற்றிலேயே சுருங்கி, உப்புத் துகள்களாக மிதந்து, மரத்திலும் மதிலிலும் வண்டியின் கிரில்லுக்குப் பின்னாலும் போய் உட்காருகின்றன.

உட்கார்ந்த உப்பு சும்மா இருப்பதில்லை. சோடியம் குளோரைடு, அதாவது நம் சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். கடலுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசை பிடித்தது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். மழைக்காலத்தில் கல்லுப்புச் சாடியின் அடியில் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான். இந்தக் குணத்துக்கு ‘ஈரமுறிஞ்சிக் கரைதல்’ என்று பெயர். கார் நிக்கோபாரில் ஈரப்பதம் 33 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் பேச்சுக்கே இடமில்லை. ஒருமுறை உலோகத்தின் மேல் படிந்த உப்புப் படலம், கழுவும்வரை காய்வதே இல்லை. மழை பெய்யாத நாளிலும் வண்டி நனைந்துகொண்டே இருக்கிறது.

உப்புக்காற்று உலோகத்தை என்ன பாடுபடுத்தும் என்பதை அளப்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் சொல்லும் ‘சிக்ரி’. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து, அவை எவ்வளவு வேகமாகக் கரைகின்றன என்று கணக்கெடுப்பது அதன் பழைய வேலைகளில் ஒன்று.

இப்போது வண்டிக்கு வருவோம். கார் நிக்கோபாரில் ஓடுபவை ஜீப், மோட்டார்சைக்கிள், ஸ்கூட்டர் வகையறாக்கள். நாம் ஒரு கற்பனை செய்யலாம். 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, ஒரு எம்.ஜி.யையோ டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயரையோ, கப்பலில் ஏற்றி அங்கே இறக்கிவிடுகிறோம். ஸ்பிட்ஃபயர் நமக்கு அந்நியம் இல்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரான டிரயம்ஃப் ஹெரால்டின் சேஸிஸை வெட்டிக் குறுக்கி, மேலே அழகான உடம்பைப் பொருத்தியதுதான் அது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறைக்கு ஹெரால்டைத் தெரியாமல் இருக்காது. இந்தக் கார்களின் மின்சாமான்கள் லூகாஸ் நிறுவனத்துடையவை. அதே லூகாஸ், டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச்சேர்ந்து 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது. பாடி மேம்பாலத்தைக் கடப்பவர்களுக்குத் தெரிந்த பெயர்.

இன்னொரு உறவும் உண்டு. அந்த ஸ்போர்ட்ஸ் காரின் ஹெட்லைட் 7 அங்குல வட்ட விளக்கு. 1940இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட அளவு அது. மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி எல்லாவற்றிலும் அதே வட்டம்தான். விளக்கின் பின்னால் செருகும் மூன்று தகட்டுக் கப்ளரும் அதேதான். லண்டன் கனவான் ஓட்டிய காருக்கும் தீவில் தேங்காய் ஏற்றும் ஜீப்புக்கும் கோளாறு ஒரே இடத்தில்தான் பிறக்கிறது.

கோளாறு இதுதான்: விளக்கு எரிகிறது. பள்ளத்தில் இறங்கினால் அணைகிறது. அடுத்த பள்ளத்தில் மறுபடி எரிகிறது. ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடுகிறது. பட்டறையில் இதற்கு ஒரே சொல், ‘லூஸ் காண்டாக்ட்’. உடனே பல்பை மாற்றுவார்கள். பாவம் பல்பு, அதன்மேல் பெரும்பாலும் ஒரு குற்றமும் இருக்காது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஹெட்லைட் ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், கிரில்லுக்குப் பின்னால் உள்ள குழாய் இணைப்புகள், கப்ளர் எல்லாவற்றையும் கடந்து பல்புக்குப் போய், எர்த் வயர், வண்டியின் உடம்பு, எர்த் பட்டை வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. வழியில் ஓர் உலோகத்திலிருந்து இன்னோர் உலோகத்துக்குத் தாவும் இடங்களை எண்ணினால் ஒரு டஜனைத் தாண்டும். வயர் அறுவது அபூர்வம். தாவும் இடத்தில்தான் வினை.

அப்படித் தாவும் ஓர் இடத்தை நெருங்கிப் பார்த்தால் முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. இரண்டு பித்தளைத் தகடுகள் இறுக்கமாகச் செருகிக்கொண்டு நிற்கின்றன. விரல்நகம் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கண் சொல்கிறது. உண்மையில் அவை ஏறக்குறைய தொடவே இல்லை. எவ்வளவு மழமழப்பாகத் தேய்த்த உலோகமும் நுண்ணோக்கியில் மலைத்தொடர்தான். கொல்லிமலையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஏற்காட்டின்மேல் வைத்தால் சில முகடுகள் மட்டுமே ஒன்றையொன்று முட்டும், மற்றதெல்லாம் இடைவெளி. இரண்டு தகடுகளின் நிலையும் அதுவே. மின்சாரம் முழுவதும் அந்தச் சில முகடுகள் வழியாகவே கடந்தாக வேண்டும்.

இதை முறையாக ஆராய்ந்தவர் ரக்னார் ஹோல்ம் (1879–1970). சுவீடனில் பிறந்து, பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் உழைத்தவர். இரண்டு உலோகங்கள் தொடும் புள்ளியைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் யோசித்து ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் பெயரில் மின் இணைப்புகளைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு மாநாடே நடக்கிறது. மின்னோட்டம் அகலமான உலோகத்திலிருந்து குறுகிய முகட்டுக்குள் நெருக்கியடித்து நுழைவதால் உண்டாகும் எதிர்ப்பை ‘குறுகல் தடை’ எனலாம். இணைப்பின் நல்லதும் கெட்டதும் அந்தத் தடையில்தான் அடங்கியிருக்கின்றன.

உண்மையில் தொடும் பரப்பு எவ்வளவு? கணக்கு எளிது. அழுத்தும் விசையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் போதும். கப்ளரின் ஸ்பிரிங் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், பித்தளைக்குக் கிடைக்கும் விடை ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இரண்டு மூன்று தலைமுடிகளைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகப்பின் அளவு. தகடு எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை, கவனித்தீர்களா? பெரிய தகடு நல்ல இணைப்பைத் தராது. அழுத்தமே தரும். கப்ளரின் பிடி தளர்ந்தால் தொடும் பரப்பும் அதே விகிதத்தில் குறைந்துவிடும்.

55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் இழுக்கிறது. அதை இரண்டு மூன்று முடிகளின் பரப்பு வழியே அனுப்புகிறோம். வீட்டில் எலக்ட்ரீஷியன் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரில் 15 ஆம்பியருக்கு மேல் ஏற்றத் தயங்குவார். அதோடு ஒப்பிட்டால் இங்கே நெரிசல் நாற்பது மடங்குக்கு மேல். அப்படியிருந்தும் முகடு ஏன் உருகிப்போவதில்லை? அதன் நீளம் மைக்ரோமீட்டர் கணக்கில்தான். இருபுறமும் உள்ள கனமான உலோகம் வெப்பத்தை உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது.

ஒரு கட்டத்தில் உருகவும் செய்கிறது. ஹோல்மின் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். சுத்தமான உலோகம் தொடும் புள்ளியின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது மின்னோட்டமோ பரப்போ அல்ல, அந்தப் புள்ளியில் விழும் வோல்டேஜ் மட்டுமே. மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் அதே எளிமையோடு கடத்தும் என்ற இயற்கை விதியின் விளைவு இது. தகரம் உருகும் எல்லை 0.13 வோல்ட், செம்புக்கு 0.43 வோல்ட். தகர முலாம் பூசிய இணைப்பில் 0.13 வோல்ட் விழுந்தால், தொடும் முகட்டின் உள்ளே வெப்பநிலை 232 டிகிரி செல்சியஸைத் தொட்டுத் தகரம் உருகும். உருகினால் பரவும். பரவினால் பரப்பு கூடும். பரப்பு கூடினால் தடை குறையும், வோல்டேஜும் இறங்கும், மறுபடி உறைந்துவிடும். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் கப்ளர் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒரு குட்டிப் பற்றவைப்பு நடந்து முடிந்திருக்கும். பல இணைப்புகள் நம்மைக் கேட்காமலேயே தங்களைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்கின்றன.

அப்படியானால் எங்கே தோற்கின்றன? அதிர்விலும் உப்பிலும்.

முதலில் அதிர்வு. தகரத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்ஸைடு ஓடு இருக்கும். ஓடு கடினமானது, எளிதில் உடையக்கூடியது. அடியில் உள்ள தகரமோ மெத்தென்று இருக்கும். கப்ளரைச் செருகும்போது ஓடு நொறுங்கி, விரிசல் வழியே புதுத் தகரம் பிதுங்கி வந்து எதிர்த் தகட்டைத் தொடும். முலாமுக்குத் தகரத்தைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமம் இதில்தான். ஆனால் இன்ஜின் அதிர்கிறது, சாலை குலுக்குகிறது, வெயிலில் உலோகம் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. தகடுகள் சில பத்து மைக்ரோமீட்டர் முன்னும் பின்னும் நகர்கின்றன. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான நகர்வு. ஒவ்வொரு நகர்விலும் புதுத் தகரம் காற்றுபட்டு ஆக்ஸைடாகிறது, அது உடைகிறது, தூளாகிறது. தூள் முகடுகளுக்கு நடுவே சேர்ந்துகொண்டே போகிறது. இதற்கு ‘அதிர்வரிப்பு’ என்று பெயர் வைக்கலாம். ஆயிரக்கணக்கான நகர்வுகளுக்குப் பிறகு ஒருநாள் மின்சாரம் தூளின்மேல் நிற்கிறது. தட்டினால் எரிவதன் ரகசியமும் வெளிப்பட்டுவிடுகிறது. தட்டும்போது முகடுகள் இடம்பெயர்ந்து, தூள் இல்லாத ஒரு புது இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. அடுத்த பள்ளத்தில் அதையும் இழக்கின்றன.

அடுத்தது உப்பு. அது உள்ளே நுழையும் விதமே தனி. ஹெட்லைட்டின் கிண்ணம் எரியும்போது சூடாகிறது. உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் விரிந்து வெளியேறும். வண்டியை நிறுத்தியதும், அல்லது திடீர் மழை பட்டதும், உள்காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கி வெளிக்காற்றை உறிஞ்சும். விளக்கு ஒவ்வோர் இரவும் மூச்சுவிடுகிறது, உள்ளிழுப்பதோ ஈரமான உப்புக்காற்று. ரப்பர் மூடியின் இடுக்கு வழியாகவும் வரும், வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள நுண்வழியாகவும் வரும். வயரின் பிளாஸ்டிக் உறையை உரித்தால் செம்பு மினுங்குவதற்குப் பதிலாகக் கருத்திருப்பதைப் பழைய வண்டிகளில் பார்க்கலாம். முனையில் நுழைந்த உப்புநீர் இழைகளைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஏறியிருக்கிறது.

பித்தளையும் செம்பும் குளோரைடோடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு ஏறும். புளி போட்டுத் துலக்காத குடத்தில் ஏறும் அதே களிம்பு. மின்சாரத்துக்கு அது சுவர். எர்த் வயர் வண்டியின் இரும்பு உடம்பில் திருகப்பட்டிருக்கும் இடமோ இன்னும் மோசம். அங்கே செம்பும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்து நனைகின்றன. அது ஒரு சின்னப் பேட்டரி. நமக்குத் தெரியாமல் இரும்பைத் தின்றே மின்சாரம் உண்டாக்குகிறது. பிறக்கும் துரு, தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் வாஷரை நெம்பித் தூக்கிவிடும்.

இவ்வளவு கெட்டும் ஓட்டுநருக்குப் பல நாள் ஒன்றும் தெரியாமல் போவதற்குக் காரணம் பல்பின் இழை. டங்ஸ்டன் இழை 2,500 டிகிரிக்கும் மேல் கனன்றுகொண்டிருக்கும். மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் உடனே குளிர்ந்துவிடாது. வீட்டுக் குண்டுபல்பில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திரும்புகிறது. நாம் யாரும் அதில் மினுக்கலைக் கண்டதில்லை. ஹெட்லைட் இழை அதைவிடத் தடித்தது, இன்னும் மெத்தனம். எனவே இணைப்பு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் விட்டுவிட்டு வந்தாலும் விளக்கு முகம் கோணாது. கண்ணுக்கு மினுக்கல் தெரிகிறது என்றால் இணைப்பு ஏற்கெனவே ஆயிரம் முறை தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

மினுக்கலுக்கு முன்பே வரும் அறிகுறி மங்கல். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சமும் கொஞ்சம்தான் குறையும் என்று நினைப்போம். இழைவிளக்கின் கணக்கு அப்படி இல்லை. வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்கும். வோல்டேஜ் 10 சதவீதம் விழுந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் விழுந்தால் பாதிகூட மிஞ்சாது. களிம்பேறிய ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தாலே வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும். அத்தோடு விரல்நுனி அளவு கப்ளருக்குள் சுமார் 4 வாட் வெப்பம் குந்திக்கொள்ளும். கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அது இந்த 4 வாட்டின் கைவரிசை.

கோளாறு எங்கே என்று வண்டியே துப்புக் கொடுக்கும் ஓர் அழகான தருணம் உண்டு. டிம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு மங்கலாக எரிகிறது. பேய் வேலை மாதிரி இருக்கும். ஒரு பல்புக்குள் டிம், பிரைட் என இரண்டு இழைகள். இரண்டுக்கும் எர்த் ஒன்று. அந்த எர்த் அறுந்தால், டிம் இழை வழியே வந்த மின்சாரம் போக வழியில்லாமல் பிரைட் இழைக்குள் பின்வாசலாக நுழைந்து, பிரைட் வயரில் எதிர்த்திசையில் ஓடி, நீல விளக்கு வழியாகவும் மறுபக்க ஹெட்லைட் வழியாகவும் எர்த்தைத் தேடிப் பிடிக்கிறது. நீல விளக்கு மங்கலாக எரிந்தால் ஸ்விட்சைக் கழற்ற வேண்டாம், எர்த்தைப் பாருங்கள். இன்டிகேட்டர் மினுக்கும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தாலும் அதே தீர்ப்புதான்.

ஃபைபர் உடம்பு கொண்ட கார்களில் எர்த் இன்னும் பெரிய தலைவலி. பெங்களூரின் சிபானி டால்ஃபின், பின்னர் வந்த சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இரண்டுக்கும் ஃபைபர் உடம்புதான். உடம்பு துருப்பிடிக்காது, உப்புக்காற்றுக்கு நல்லது. ஆனால் உடம்பு மின்சாரத்தையும் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பிவரத் தனி வயர் வேண்டும், ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனைகள், ஒவ்வொரு முனையும் ஒரு புது ஆபத்து.

இனி கண்டுபிடிப்பது. பலரும் மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து வயரைச் சோதிப்பார்கள். அது ‘பீப்’ என்று கத்தும், எல்லாம் நலம் என்று மூடிவிடுவார்கள். மீட்டர் அனுப்புவது மில்லியாம்பியர் கணக்கில் ஒரு சொட்டு மின்சாரம். சாதாரண மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.2 ஓம் தடை இருக்கும். நாம் தேடும் திருடனும் அதே உயரம். எப்படிப் பிடிப்பது? விளக்கை எரியவிட்டு, மீட்டரை வோல்ட் அளவையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் உயிர்த் தகட்டிலும் வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் காட்ட வேண்டியது சுழிக்கு அருகில். அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் யாரோ வரி வசூலிக்கிறார்கள். பிறகு பல்பின் எர்த் தகட்டுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அதே சோதனை. அங்கே 0.2 வோல்ட்டே அதிகம். ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நகர்த்திக்கொண்டே வந்தால், எண் சட்டென்று குதிக்கும் இடம் வரும். அதுதான் இடம். இந்தச் சோதனையில் வயர் எதையும் கழற்றத் தேவையில்லை என்பது கூடுதல் அழகு. கழற்றினாலே பல கோளாறுகள் தற்காலிகமாகச் சரியாகி நம்மை ஏமாற்றிவிடும். எண்ணைப் பார்த்துக்கொண்டே வயர்க் கட்டை லேசாக அசைத்துப் பார்ப்பதும் அவசியம். எழுந்து படுக்கும் ஹெட்லைட் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் வயர் தினமும் மடங்கி நிமிர்வதால், உறை சிதையாமலே உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். அந்த இடத்தில் வயரை மெல்ல இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும்.

பழுதுபார்ப்பதில் முதல் ஆசை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. களிம்பு போகும், கூடவே தகர முலாமும் போகும். அடியில் உள்ள பித்தளை சீக்கிரமே மறுபடி பச்சையாகும். உப்பைக் கரைக்கத் தேவை முதலில் நல்ல தண்ணீர். அதன்பின் காண்டாக்ட் கிளீனர். பிடி தளர்ந்த கப்ளரைக் குறடால் நெருக்கிப் பயன்படுத்துவதைவிட மாற்றிவிடுவது மேல், ஏனென்றால் சூடு கண்ட ஸ்பிரிங்கின் அழுத்தம் திரும்ப வராது. கருத்த செம்பை, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டியெறிய வேண்டும்.

புது முனையைப் பற்றவைப்பதா, கிரிம்பிங் செய்வதா? பற்றவைப்பதே உறுதி என்று தோன்றும். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரின் நுனியைக் குச்சியாக்கிவிடும். குச்சி முடிந்து வயர் தொடங்கும் இடத்தில் அதிர்வு முழுவதும் குவிந்து, அங்கேயே இழைகள் முறியும். கிரிம்பிங் வேறு ரகம். சரியான பிளையரால் சரியான அழுத்தம் கொடுத்தால், வட்ட வட்டமான இழைகள் நசுங்கிப் பலகோண வடிவில் ஒன்றோடொன்று இடைவெளியின்றி அடைந்துகொள்கின்றன. அந்த நெரிசலில் ஆக்ஸைடு ஓடுகள் கிழிந்து செம்பும் செம்பும் நெருப்பில்லாமலே ஒட்டிக்கொள்கின்றன. காற்றுகூட நுழைய இடமில்லை, உப்பு எங்கே நுழைவது? படகுகளுக்கு வயர் வாங்குபவர்கள் ஒவ்வோர் இழைக்கும் தகர முலாம் பூசிய வயராகக் கேட்டு வாங்குவார்கள். விலை கூடுதல்தான். உதிரிப்பாகம் 270 கிலோமீட்டர் கடலைத் தாண்டி ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது பழைய போர்ட் பிளேரிலிருந்து, வர வேண்டிய தீவில் அந்த விலை நியாயமானது.

அடுத்த அதிசயம் கிரீஸ். மின்சாரத்தைக் கடத்தாத சிலிகான் கிரீஸை, மின்சாரம் கடக்க வேண்டிய தகட்டிலேயே பூசச் சொல்வார்கள். முட்டாள்தனமாகப் படும். மலைமுகடுகளை நினைத்துப் பாருங்கள். செருகும்போது முகடுகள் ஒன்றையொன்று நெரித்து, நடுவில் உள்ள கிரீஸைப் பிதுக்கித் தள்ளிவிடும். கிரீஸ் தங்குவது பள்ளத்தாக்குகளில் மட்டுமே. உப்பும் ஈரமும் குடியேற நினைத்த இடமும் அந்தப் பள்ளத்தாக்குகள்தான். அதிர்வில் முகடுகள் உரசினாலும் தூள் உண்டாவது குறையும். வாசலினும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் சூடான பல்பின் பின்னால் உருகி ஓடிவிடும். பேட்டரி முனைகளோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

எர்த்துக்குத் தீர்வு எளிது. விளக்கின் எர்த்தை வண்டி உடம்பில் திருகுவதை விட்டுவிட்டு, தனி வயர் போட்டு நேராகப் பேட்டரியின் நெகட்டிவுக்கே கொண்டுபோவது. துருவோடு சமாதானம் பேச வேண்டியதில்லை.

ரிலே போடுவதைப் பலரும் சர்வரோக நிவாரணியாகச் சொல்வார்கள். பழைய காரில் இரண்டு ஹெட்லைட்டின் மின்சாரமும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வரை ஊர்சுற்றித் திரும்புகிறது. பல மாடல்களில் நடுவே ஃபியூஸ்கூடக் கிடையாது. ரிலே வைத்தால், பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஃபியூஸோடு குறுக்குவழி கிடைக்கும். ஸ்விட்ச் வழியே போக வேண்டியது ரிலேயின் காந்தச் சுருளை எழுப்பும் ஏழில் ஒரு பங்கு ஆம்பியர் மட்டும். விளக்குகள் பளிச்சென்று ஆவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இதில் ஒரு விசித்திரமும் ஒளிந்திருக்கிறது. பழைய ஸ்விட்ச் 10 ஆம்பியருக்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் எழும் சிறு தீப்பொறி, முனையில் படியும் அழுக்குப் படலத்தை எரித்துச் சுத்தமாக வைத்திருந்தது. மின்னோட்டம் இவ்வளவு குறைந்தபின் பொறியும் இல்லை, சுத்தமும் இல்லை. சுமையைக் குறைத்த ஸ்விட்ச் சில சமயம் அதனாலேயே தவறத் தொடங்கும். தீவில் ரிலே பொருத்துபவர் அதன் கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினால் நீராவது வடியும்.

இவ்வளவு வேலை எதற்கு, பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. மாட்டினால் போதாதா என்று கேட்கலாம். எல்.ஈ.டி.க்கு மின்னோட்டம் பாதியளவே போதும். ஆனால் அதற்கு இழை இல்லை, கனன்று காத்திருக்கும் பொறுமையும் இல்லை. உள்ளே உள்ள மின்னணுச் சுற்று சிறிது தாங்கினாலும், அதைத் தாண்டிய ஒவ்வொரு தவறலையும் அப்படியே மினுக்கிக் காட்டிவிடும். இழை கொண்ட ஹாலஜன் பல்பு மறைத்து வைத்திருந்த பழைய கோளாறு, புது விளக்கின் கோளாறு என்று பெயர் வாங்கும். ஹாலஜன் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது வீணாக்கிய வெப்பம் முன்கண்ணாடியைச் சுடவைத்துக் கிண்ணத்துக்குள் படிந்த ஈரத்தை ஒவ்வோர் இரவும் துரத்தியது. எல்.ஈ.டி. தன் வெப்பத்தைப் பின்பக்கமாகத் தள்ளும், முன்கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும். கார் நிக்கோபார் மாதிரி ஊரில் எல்.ஈ.டி. மாட்டுபவர் விளக்கின் ரப்பர் மூடியையும் புதிதாக வாங்கிக்கொள்வது நல்லது, அதன் அடிப்பக்கம் நீர் வடியும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.